வந்தவாசியில் தொலைந்த அயர்லாந்துக்காரர்கள்

உங்கள் தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயரும் தெரிந்திருக்கலாம். அவருக்கு அப்பா? இங்கேயே நம்மில் பல பேர் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவோம். 'அவரை எங்கே அடக்கம் பண்ணினாங்க?' என்று கேட்டால்... சுத்தம்!

இந்தக் கேள்விக்கு விடை தேடி, பழைய சர்ச் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் அயர்லாந்து வம்சத்தவர்கள் ரொம்பவே தீவிரம். அவர்கள் தேடும் சில பாதைகள் கடல் தாண்டி, நம்ம திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வந்து முட்டி நிற்கின்றன. அயர்லாந்து எங்கே, திண்டிவனம் எங்கே என்கிறீர்களா? கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1691. அயர்லாந்தின் லிமெரிக் நகரம் ஆங்கிலேய அரசரின் படையிடம் சரணடைகிறது. 'உங்களுக்குக் கீழே வாழ மாட்டோம்' என்று சுமார் 14,000 கத்தோலிக்க வீரர்கள் கப்பலேறி பிரான்சுக்குப் போய்விட்டார்கள். 'காட்டு வாத்துகள்' என்று இவர்களுக்குப் பட்டப்பெயர். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜெரார்டு லாலி. பிரான்சில் பிறந்த அவருடைய மகன்தான், நம்ம ஊர்ப் பாடப் புத்தகத்தில் வரும் கவுன்ட் லாலி!

இன்னொரு பக்கம், அதே லிமெரிக் சீமையில் புராட்டஸ்டன்ட் பாதிரியார் ஒருவருக்குப் பிறந்தவர் அயர் கூட். இவர் சேர்ந்தது பிரிட்டிஷ் படையில்.

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே இரண்டு பேரும் மோதினார்கள். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் வந்தவாசி. பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்றது 'லாலி ரெஜிமென்ட்'. பிரான்சின் ஐரிஷ் படைப்பிரிவைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் கொடியின் கீழ் நின்ற தளபதியும் அயர்லாந்துக்காரர். ஒரே தீவின் பிள்ளைகள், யாரோ இரண்டு ராஜாக்களுக்காக நம்ம மண்ணில் வெட்டிக்கொண்டு செத்தார்கள்!

பிரெஞ்சுத் தரப்பில் களத்திலேயே சுமார் 200 ஐரோப்பியர்கள் விழுந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 60. ஜெயித்த கூட், அந்த வேகத்திலேயே திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கும் பெருமுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்தார். அடுத்த ஜனவரியில் பாண்டிச்சேரியும் விழுந்தது. அதற்கு நாலு நாள் முன்னால்தான், எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடியிருந்தார்.

தளபதிகள் என்ன ஆனார்கள்? கூட் 1783-ல் சென்னையில் இறந்தார். உடலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், இங்கிலாந்தின் ராக்போர்ன் கிராமத்துச் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிரமாண்டமான நினைவுச் சின்னம் வேறு.

லாலிக்குக் கிடைத்தது கத்தி. பாண்டிச்சேரியைப் பறிகொடுத்த துரோகி என்று குற்றம்சாட்டி, 1766-ல் பாரிஸில் வாயைக் கட்டி இழுத்துப் போய்த் தலையை வெட்டினார்கள். தன் தந்தை யார் என்பதையே அந்த மரண தண்டனையை ஒட்டித்தான் அறிந்துகொண்டார் அவருடைய மகன். அதோடு விட்டுவிடவில்லை. 'என் அப்பா துரோகி இல்லை' என்று 12 வருஷம் போராடினார். வால்டேர் துணை நின்றார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. சாகக் கிடந்த வால்டேர், சேதி கேட்டு மகிழ்ந்து எழுதச் சொன்ன கடிதம் மிகப் பிரபலம்.

சரி, தளபதிகள் கதை முடிந்தது. களத்தில் செத்த சாதாரண சிப்பாய்? குழி வெட்டி மொத்தமாகத் தள்ளியதோடு சரி. அவருடைய ஊரில் போய்த் தேடலாம் என்றால், அங்கேயும் சிக்கல். கத்தோலிக்கர்கள் மீது கடுமையான சட்டங்கள் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. பல கிராமங்களில் 1800-க்குப் பிறகுதான் பதிவேடே ஆரம்பிக்கிறது. அதிலும் ஞானஸ்நானம், கல்யாணம் இருக்கும். அடக்கம் பெரும்பாலும் இருக்காது.

அடுத்த அடி 1922-ல் விழுந்தது. உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அரசாங்கம் வாங்கி வைத்திருந்த புராட்டஸ்டன்ட் சர்ச் ஏடுகள் குவியல் குவியலாகச் சாம்பல். சாமியார் வீட்டு அலமாரியிலேயே கிடந்த கத்தோலிக்க ஏடுகள் தப்பித்தன. பாதுகாத்தது எரிந்தது, போட்டுவைத்தது பிழைத்தது! தப்பித்த ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டது.

இது எப்படித் திண்டிவனத்துக்கு வழிகாட்டும்? 19-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அயர்லாந்துக்காரர்கள். பஞ்சம் துரத்த, வயிற்றுப்பாட்டுக்காகப் படையில் சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களை இப்படித் துரத்திப் பிடிக்கலாம்: முதலில், ஊர் சர்ச்சில் ஞானஸ்நானக் குறிப்பு, பெற்றோர் பெயர் அதில் கிடைக்கும். அடுத்து, கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பட்டியல். வயசு, தொழில், சொந்தச் சீமை இருக்கும். அப்புறம் படையின் ஆள்கணக்கு; அதில் ஒரு வருஷம் பெயருக்கு நேரே 'இறந்தார்' என்று வரும். கடைசியாக, அடக்கப் பதிவு. சென்னை மாகாணத்துப் பாதிரியார்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698-ல் தொடங்கும் அந்த நகல்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பாண்டிச்சேரியின் பதிவுகளோ 1676-லிருந்தே தொடங்குகின்றன.

தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல்தான். பழைய ஏட்டில் 'தென்னார்க்காடு' அல்லது 'கடலூர்' என்று தேட வேண்டும். ஊர்ப் பெயரோ வெள்ளைக்காரன் வாயில் படாத பாடு பட்டிருக்கும். வந்தவாசி 'வாண்டிவாஷ்'. பெருமுக்கல் 'பெர்மாகாயில்'. செஞ்சி 'ஜிஞ்ஜி'. புளியங்காடு என்ற பொருளில் 'திந்திரிவனம்' என்றிருந்த பெயரை நாமே திண்டிவனம் ஆக்கிவிட்டோம்; அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்!

இதெல்லாம் அவர்கள் கதை. நம்ம கதை?

வந்தவாசிக் களத்தில் இரண்டு தரப்பிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், பீரங்கி இழுத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள். செத்தவர்கள் கணக்கில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. எந்தச் சர்ச் ஏட்டில் தேடுவது? எந்தக் கப்பல் பட்டியலில் பார்ப்பது?

பெயர் எழுதும் பழக்கம் நமக்கு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வந்தவாசிக்கு மேற்கே, அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்குக்கூடப் பெயர், ஊர், எந்த ராஜா காலம் என்று எல்லாம் வெட்டி நடுகல் நட்டிருக்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. வீரன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாய். அதன் பெயர் கோவிவன். கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்!

7-ம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, 1760-ல் நம்ம சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. அயர்லாந்துக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எரிந்தது போக மிச்சம் இருப்பதையாவது தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதையும் சேர்த்து!