துண்டும் கணக்கும்: மலையக இளைஞரின் நிதியறிவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அது கடனின் வரலாறுமாகும். கடன்பட்டவர் தம் கணக்கைத் தாமே வாசிக்க இயலாதிருந்தமை அக்கடன் நீடித்தமைக்கு ஒரு முக்கிய காரணம் எனலாம். பல்கலைக்கழக மாணவர்க்கு நிதியறிவு புகட்டப்படல் வேண்டும் என்னும் கருத்து இன்று வலுப்பெற்று வருகின்றது. அப்புத்தளைத் தோட்டமொன்றிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்தவன் என்ற வகையில், அக்கருத்தை எம் முன்னோரின் அனுபவத்தில் வைத்து நோக்க விழைகின்றேன்.

அப்புத்தளையின் தேயிலையை உலகறியச் செய்தவர்களுள் தோமஸ் லிப்டன் முதன்மையானவர். கிளாஸ்கோ நகரில் 1871 இல் பலசரக்குக் கடை திறந்த அவர், 1890 இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை அவ்வாண்டிலேயே எழுந்தது. தோட்டத்துக்கும் நுகர்வோருக்கும் இடையே நின்ற தரகரை விலக்குவதே அவரது வணிகத் தந்திரம். எனினும், மலைநாட்டுத் தோட்டங்களில் தொழிலாளிக்கும் கூலிக்கும் இடையே நின்ற தரகர் விலக்கப்படவில்லை. அவரே பெரிய கங்காணி.

தமிழகக் கிராமங்களில் முற்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டியவர் கங்காணி. பயணச் செலவு, வழியுணவு, ஊரிலிருந்த பழைய கடன் ஆகியன யாவும் தொழிலாளியின் பெயரில் ஏறின. 1901 இல் தகரத் துண்டு முறை வந்தது. தோட்ட இலக்கம் பொறித்த அத்துண்டைக் கழுத்திலோ கையிலோ கொண்டவர் பணமின்றிப் பயணஞ் செய்யலாம். ஆயின் செலவு பின்னர் கணக்கில் எழுதப்படும். தோட்டத்தில் வழங்கிய அரிசியின் விலையும் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. தம் கீழுள்ளோர் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆட்கள் பெருகப் பெருக அவரது வருவாயும் பெருகிற்று.

இம்முறையின் உச்சம் 'துண்டு' என்னும் காகிதமாகும். தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவர் விடுவிக்கப்படுவார் என அதில் எழுதப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ தொழிலாளியுடன் புதிய தோட்டத்துக்கும் செல்லும். துண்டில் எழுதப்பட்ட தொகை சரியானதா எனக் கேட்க, அதனைச் சுமந்து சென்றவருள் மிகப் பலருக்கு எழுத்தறிவு இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927 இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து, உயர் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. இக்காலத்தே தொழிலாளர் பக்கம் நின்றவர் கோ. நடேசய்யர். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய இவர், தஞ்சையில் 'வர்த்தக மித்திரன்' என்னும் வணிக இதழை நடத்தியவர். வரவு செலவு அறிந்த ஒருவர் தொழிற்சங்கத் தலைவரானமை தற்செயலாயினும், பொருளற்றதன்று.

துண்டு ஒழிந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்று பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். மகாபொலப் புலமைப்பரிசில் வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றது. நானும் வங்கிப் படிவத்தில் காட்டிய இடமெல்லாம் வாசியாமலே கையெழுத்திட்டேன். பாட்டி பெருவிரல் பதித்தார். நான் பெயர் எழுதினேன். வேறுபாடு அவ்வளவே.

விடுதியில் ஒரு நாள், இருவரைச் சேர்த்தால் பணம், அவ்விருவரும் இவ்விருவரைச் சேர்த்தால் மேலும் பணம் என ஒரு திட்டம் விளக்கப்பட்டது. பொருளியல் படியாத எனக்கு அதன் கணிதம் விளங்கவில்லை. ஆயினும் வரலாறு விளங்கியது. அது தலைக்காசு! இலங்கையின் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இத்தகைய பிரமிட் திட்டங்களைத் தடைசெய்துள்ளது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வட்டியும் அவ்வாறே. நூறு ரூபாவுக்கு மாதம் மூன்று ரூபா என்பது சிறு தொகையாகத் தோன்றும். செலுத்தாது விட்டு வட்டிக்கு வட்டி ஏறுமாயின், 24 மாதங்களில் கடன் இரட்டிப்பாகும். இதனைக் கணிக்க உயர்கணிதம் வேண்டியதில்லை. யாரேனும் ஒரு முறை சொல்லித்தந்தாற் போதும்.

வறுமைக்குக் காரணம் குறைந்த கூலியே, கணக்கறியாமை அன்று எனச் சிலர் மறுப்பர். அம்மறுப்பில் உண்மை உண்டு. 54 சதத்தை எத்துணைத் திறமையாகக் கணக்கிடினும் அது 54 சதமே. நிதியறிவு என்னும் பெயரால் ஏழையின் மீதே பழியைச் சுமத்துதல் தகாது. ஆயின் கூலிக்காகப் போராடுவோரும் சம்பளச் சீட்டை வாசித்தல் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தல் வேண்டும் என அறிந்தவரே, அது செலுத்தப்பட்டதா எனக் கேட்க வல்லவர். எனவே கணக்கறிவு உரிமைக் குரலுக்கு மாற்றன்று, அதற்குத் துணையாகும்.

இலங்கை மத்திய வங்கி 2024 முதல் 2028 வரைக்கான நிதியறிவுத் திட்டமொன்றை வகுத்துள்ளது. அது எட்டும்வரை நாம் காத்திருத்தல் அவசியமன்று. வணிகபீட மாணவர் கலைப்பீடத்தாருக்கு வட்டி, காப்புறுதி, கடன் ஒப்பந்தம் ஆகியவற்றைத் தமிழிலே விளக்கும் சில மாலைப்பொழுதுகளைத் தமிழ்ச் சங்கம் ஒழுங்குசெய்யலாம். அங்கு கற்றவர் விடுமுறையில் வீடு சென்று, பெற்றோரின் சம்பளச் சீட்டை விளக்கருகே வைத்து வரிவரியாக வாசித்துக் காட்டுவாராயின், அன்று துண்டைச் சுமந்தோர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.