நிழற்படமும் நிலைபேறும்: கொழும்புத் தமிழர் அனுபவத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலையின் வரலாறு பெரும்பாலும் அக்கலையில் தேர்ந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிழற்படக்கலையைப் பொறுத்தவரை இம்முறை போதியதன்று. தொழிலாகவன்றி விருப்பத்தின் பேரிற் படமெடுத்தோரே இக்கலையில் எண்ணிக்கையால் மிகுந்தவர்கள். வீடும் வீதியும் விழாவும் அவர்களுடைய படங்களிலேயே பெரிதும் பதிவாகியுள்ளன. ஆயினும் இவ்வார்வலரின் முயற்சி புறத்தேயுள்ள இரு சக்திகளிலே தங்கியிருப்பது. ஒன்று, கருவியை ஆக்கி அளிக்கும் உற்பத்தியாளர். மற்றையது, எடுத்த படத்தைப் பிறர் காணத்தரும் களம். கண்ணாடித் தகடு, பில்ம் சுருள், கணினி மென்பொருள் என முன்னையது மாறி வந்துள்ளது. சங்கக் கண்காட்சி, குடும்ப அல்பம், இணையத்தளம் எனப் பின்னையது மாறி வந்துள்ளது. இம்மாற்றங்களினூடே எவ்வகைப் படம் நிலைத்தது, எவ்வகைப் படம் அழிந்தது, அதற்குக் காரணம் யாது என்பன ஆராயத்தக்க வினாக்களாகும். கொழும்பு நகரின், சிறப்பாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழரின் அனுபவம் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் டாகர் என்பாரின் நிழற்பட முறை பாரிஸ் நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்கீன் முதலிய வர்த்தக நிறுவனங்கள் கொழும்பிலே தொழில் நடத்தின. 1890 இல் பிளாட்டே நிறுவனம் தோன்றியது. துறைமுகத்தில் வந்திறங்கிய பயணிகளே இவற்றின் முக்கிய வாடிக்கையாளர். தோட்டங்கள், யானைகள், கோயில்கள் என்பவற்றோடு மனிதரும் விற்பனைப் பொருளாயினர். தமிழ்ப் பெண், தமிழ்த் தொழிலாளி என்ற பொதுத் தலைப்புகளே அப்படங்களுக்கு இடப்பட்டன. படத்திலிருந்தவர் யார், எவ்வூரவர் என்ற குறிப்பு எழுதப்படவில்லை. வாங்குபவருக்கு அது வேண்டப்படவில்லை என்பதே காரணம்.

தொழில்முறையாளர் அல்லாத ஜூலியா மார்கரெட் கமரனின் பணியிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். 1863 இல், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளிடமிருந்து பரிசாகப் பெற்ற கமராவைக் கொண்டு இக்கலையில் இறங்கிய அவர் டெனிசன், டார்வின், கார்லைல் முதலிய அறிஞர்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றார். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் அவருடைய கல்லறை உள்ளது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த சான்றோரின் பெயர்களை உலகம் அறியும். இலங்கையில் அவருடைய கமராவுக்கு முன் நின்ற எளிய மக்களின் பெயர்களோ இன்று அறியப்படாதவை. முகம் எஞ்சியிருக்க ஆள் மறைந்துபோன நிலை இது. ஒரு படத்தின் நிலைபேற்றுக்குத் தாள் மட்டும் போதாது, குறிப்பும் வேண்டும் என்பதற்கு இது முதற் சான்றாகும்.

1888 இல் கொடாக் கமரா விற்பனைக்கு வந்தமை ஆர்வலர் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. நூறு படங்கள் எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடவேண்டும். கழுவுதல், அச்சிடுதல் யாவும் அங்கே நடைபெறும். இருட்டறை அறிவு இல்லாதவரும் படமெடுக்க இம்முறை வழிவகுத்தது. அதே வேளை, எடுத்தவர் தமது படத்துக்காக எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலையும் அன்றே உருவாயிற்று. பிற்காலத்து இணையத்தளங்களுக்கும் ஆர்வலருக்கும் இடையிலான உறவின் வித்து இதுவே எனலாம்.

இலங்கையில் ஆர்வலர் நிழற்படச் சங்கம் 1906 இல் தோன்றியது. இக்காலத்திலேயே கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் புகழ்பெற்ற ஆய்வுநூல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் வெளியாயிற்று. அதற்குரிய படங்களைப் பெரிதும் எடுத்தவர் அவர் துணைவியார் எதெல். தொழில்முறையாளர் செல்லாத சிற்றூர்களுக்குச் சென்று கைவினைஞரைத் தேடிய பணி அது. நிழற்படம் கலையேயன்று எனப் பலரும் கருதிய காலத்தில், 1924 இல், அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்பாரின் படங்கள் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற வழிசெய்தவரும் குமாரசுவாமியே என்பது தமிழ் மாணவர் பலர் அறியாத செய்தியாகும்.

அடுத்த தலைமுறையில் லயனல் வென்ட் தலைசிறந்து விளங்கினார். 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்த இவர் சட்டம் பயின்றவர். பியானோ இசையில் வல்லவர். லைக்கா என்னும் சிறு கமராவின் வருகை இவருடைய கலையின் போக்கை நிர்ணயித்தது. அவருடைய மறைவின் பின் அவர் விட்டுச்சென்ற நெகற்றிவ்கள் அழிந்தொழிந்தன. இன்று அவர் கலையென நாம் காண்பவை, தாளில் அச்சிடப்பட்டுப் பிறர் கைகளிற் சேர்ந்த பிரதிகளும் 1950 இல் லண்டனில் வெளியான நூலுமேயாகும். மூலம் அழிந்தபோதும் பிரதி கலைஞனைக் காத்தது. இது இரண்டாவது சான்று.

இனி, சாதாரணக் குடும்பங்களின் நிலையை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டில் அரசாங்க உத்தியோகத்தை நாடி வடபுலத்திலிருந்து வந்த தமிழர் பலர் காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள வெள்ளவத்தை ஒழுங்கைகளிற் குடியேறினர். துறைமுகத்தையும் வணிகத்தையும் சார்ந்த தமிழர், சைவரும் கத்தோலிக்கருமாக, கொட்டாஞ்சேனையிற் செறிந்தனர். பொன்னம்பலவாணேசர் கோயிலும் சென் லூசியா பேராலயமும் அணித்தாக அமைந்த பகுதி அது. இக்குடும்பங்களில் கமரா வைத்திருந்த ஒருவர் உறவினர் அனைவருக்கும் வரலாற்றாசிரியராக விளங்கினார். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் தேர், முதல் நன்மை பெறும் பிள்ளை, பூப்புனித நீராட்டு விழா, வெளிநாடு செல்பவரை வழியனுப்பிய நாள் எனப் பலவும் இவ்வாறு பதிவாயின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970–77 காலப்பகுதியில் பில்ம் சுருளும் தாளும் அருமையாயிருந்தன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு வர்ணப்படங்கள் பெருகின.

இங்கு கருத்திற் கொள்ளவேண்டியது, அக்காலத்தில் நிலவிய பகிர்வு முறையாகும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒன்று வீட்டு அல்பத்திலும் ஒன்று ஊரிலுள்ள பெற்றோரிடத்தும் இருக்க, எஞ்சியவை மலாயாவிலோ லண்டனிலோ வாழ்ந்த உறவினரைக் கடித உறையில் சென்றடைந்தன. பின்புறத்தில் நாள், இடம், நிற்பவர் பெயர் என்பன பேனையால் எழுதப்பட்டன. எவரும் இதனைப் பாதுகாப்பு நடவடிக்கையாகக் கருதியிருக்க மாட்டார். உறவைப் பேணும் கடமையாகவே அது செய்யப்பட்டது.

1983 ஜூலை இறுதியில் அவ்வழக்கத்தின் பெறுமதி புலனாயிற்று. 25ஆம் நாள் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. உடுத்த உடையோடு அகதி முகாம்களை அடைந்தோர் நகையையும் உறுதியையும் எடுத்துவர இயலாதவராயிருந்தனர். அல்பத்தை எவர் நினைத்திருப்பர்? ஈராண்டுகளுக்கு முன், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டதைத் தமிழுலகம் பேசியது, பேசுகின்றது. ஆனால் ஒவ்வொரு வீட்டினுள்ளும் எரிந்த சிறு நூலகமாகிய அல்பத்தைப் பற்றிய கணக்கு எவரிடமும் இல்லை. தாய் தந்தையரின் முகத்தை மீண்டும் காண விரும்பியவர் கடல் கடந்த உறவினருக்கே எழுதவேண்டியிருந்தது. என்றோ அஞ்சலில் அனுப்பிய பிரதி, அனுப்பியவரிடமே திரும்பி வந்தது.

இதன் பின் கருவியின் தன்மையே மாறியது. 1975 இல் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் ஆக்கிய எண்மக் கமரா பல ஆண்டுகள் ஆய்வுகூடப் பொருளாகவே இருந்தது. 1990 இல் போட்டோஷொப் மென்பொருளும் 1992 இல் ஜேபெக் என்னும் படக்கோப்பு நியமமும் வெளிவந்தன. 1995 இல் இலங்கையில் வர்த்தக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கியது. 2004 இல் கனடாவின் வான்கூவர் நகரில் பிளிக்கர் தளம் உதயமாயிற்று. பிக்காசா மென்பொருளைக் கூகிள் வாங்கியதும் அதே ஆண்டிலாகும். உலகின் எம்மூலையிலுள்ள ஆர்வலரும் தம் படத்தை அன்றே பிறர்க்குக் காட்டலாம் என்ற நிலை பிறந்தது. சிதறிய குடும்பங்களுக்கு இது பெரும் பேறாயிற்று. சங்க உறுப்புரிமையோ கண்காட்சி மண்டபமோ தேவைப்படவில்லை.

ஆயின் கொழும்புத் தமிழ் ஆர்வலரின் நிலை பிறருடையதைப் போன்றதன்று. இத்தளங்கள் செழித்த 2004–2009 காலப்பகுதி போரின் இறுதிக் கட்டத்தோடு ஒன்றியது. 2007 ஜூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சோதனைச் சாவடிகள் நிறைந்த வீதியில் கமராவைத் தூக்குவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. படத்தின் கீழ்ப் பெயர் எழுதுவது பாதுகாப்பானதா என்ற ஐயமும் எழுந்தது. பிறநாட்டு ஆர்வலருக்குப் பெருமையாயிருந்த பகிர்வு, இங்கே படத்திலிருப்பவருக்குத் தீங்காக முடியவும் கூடியதாயிருந்தது.

மொழி சார்ந்த இடரும் ஒன்றிருந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருப்பினும், ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களையே கையாண்டனர். பாமினியில் எழுதிய படக்குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துக்களின் கோவையாகவே தோன்றும். பேனையால் எழுதிய குறிப்பு அரை நூற்றாண்டு கழித்தும் வாசிக்கத்தக்கதாயிருக்க, விசைப்பலகையில் எழுதிய குறிப்பு சில ஆண்டுகளிலேயே வாசிக்க இயலாததாயிற்று. பெயரற்ற முகங்களின் அணி இவ்வாறு மீண்டும் நீண்டது.

களங்களும் நிலையாக நிற்கவில்லை. பலருடைய தனிப்பக்கங்களைத் தாங்கிய ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டது. பிக்காசா 2016 இல் கைவிடப்பட்டது. ஆர்வலர் அதில் முகங்களுக்கு இட்ட பெயர்களும் அல்ப ஒழுங்கும் பெரிதும் அம்மென்பொருளுக்கே உரிய கோப்புகளிற் கிடந்தன. போட்டோபக்கற் தளம், தன்னிடமுள்ள படங்களைப் பிற தளங்களிற் காட்டுவதற்கு 2017 இல் ஆண்டுக்கு 399 டொலர் கேட்டது. பிளிக்கர் 2005 இல் யாகூவுக்கும் 2018 இல் ஸ்மக்மக் நிறுவனத்துக்கும் கைமாறியது. கட்டணமின்றி வைத்திருக்கக்கூடிய படங்களுக்கு ஆயிரம் என்ற எல்லை 2018 இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமத்தோடு வெளியிட்ட பழைய படங்களுக்கு அப்போது விலக்களிக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. பிறருக்கும் உரியதெனக் கொடுக்கப்பட்ட படமே தப்பியது. கூகிளின் வரையறையற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் முதலாம் நாளோடு முடிவுற்றது.

மென்பொருளும் இவ்வழியே சென்றது. ஒரு முறை விலைகொடுத்து வாங்கப்பட்ட போட்டோஷொப்பின் புதிய பதிப்புகள் 2013 முதல் சந்தாவாகவே கிடைக்கின்றன. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா அளவை எட்டியபோது, டொலரிற் செலுத்தும் சந்தா கொழும்பு ஆர்வலருக்கு எத்தகைய சுமையாயிருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இச்சூழலில் சிக்கனத்துக்காக மட்டுமன்றிச் சுதந்திரத்துக்காகவும் வேண்டப்படுவனவாகும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு எளியது. தீ ஒரு வீட்டை அழிக்கும். நிறுவனத்தின் தீர்மானம் ஒரு தளத்தை அழிக்கும். இரண்டாவதில் இரத்தமும் கண்ணீரும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. ஆயினும் படத்தைப் பொறுத்தமட்டில் விளைவு ஒன்றே. எந்தக் கருவியும் படத்தை நிலைக்கச் செய்ததில்லை. எந்தக் களமும் செய்ததில்லை. பல கைகளில் இருந்த பிரதியும் அதனோடு சேர்ந்திருந்த பெயருமே செய்தன. வென்டின் கலையைக் காத்ததும், 1983 இன் பின் பெற்றோர் முகத்தைப் பிள்ளைகளுக்கு மீட்டுத் தந்ததும் இதுவே. இல்லாதபோது, கமரனின் படங்களில் நிற்கும் மக்களைப்போல, முகம் மட்டுமே எஞ்சும்.

2005 முதல் தன்னார்வலர் முயற்சியாக வளர்ந்துவரும் நூலகம் இணையத் திட்டமும், அதன் பல்லூடகப் பிரிவாகிய ஆவணகமும் ஈழத்து நூல்களோடு நிழற்படங்களையும் பொதுவுடைமையாக்கி வருகின்றன. அப்பணி முழுமையுறுவது குடும்பங்களிலிருந்து வரும் படங்களாலும் குறிப்புகளாலுமே. எல்லாப் பெயரையும் உலகறிய வெளியிடவேண்டும் என்பதில்லை. வாழ்பவரின் பாதுகாப்பு முதன்மையானது. ஆனால் எழுதி வைத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், ரொறொன்ரோவிலும் லண்டனிலும், பழைய அல்பத்தின் முன்னமர்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் உளர். அவர்களருகில் அமர்ந்து எழுதிக்கொள்வதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. காலந் தாழ்த்தினால், படங்கள் இருக்கும். கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.