கர்னல் விழும்போது என்ன சொல்லணும்?

ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தடுக்கி விழும்போது, என்ன சொல்லிவிட்டு விழணும்? இந்த எபிசோடில் லினக்ஸ் கர்னலின் வரலாற்றை இந்த ஒரு கேள்வி வழியாகப் பார்க்கப்போறோம்.

கர்னலுக்குள் கோளாறு வந்தால் திரையில் கொட்டும் செய்திக்கு ‘ஊப்ஸ்’ என்று பெயர். தொண்ணூறுகளில் அது பெரும்பாலும் ஹெக்ஸ் எண்கள்தான். எந்த ஃபங்ஷனில் பிரச்சினை என்று சொல்லாது. மெமரி முகவரியை மட்டும் காட்டும். மெஷின் அப்படியே உறைந்துவிட்டால், திரையைப் பார்த்துக் கையால் எழுதி, ரீஸ்டார்ட் ஆனதும் டைப் பண்ணணும். கிண்டல் இல்லைங்க, கர்னலின் சொந்த ஆவணமே இந்த வழியைச் சொன்னது! பிறகு ‘கேசிம்ஊப்ஸ்’ என்ற டூல், ‘சிஸ்டம் மேப்’ ஃபைலைப் பார்த்து முகவரிகளைப் பெயர்களாக மாற்றும். வேறு கர்னலின் மேப்பைக் கொடுத்தால் தப்பான பெயர்கள் வரும். இத்தனையும் செய்யத் தெரிந்தவர்தான் உருப்படியான பக் ரிப்போர்ட் அனுப்ப முடியும்.

2003 டிசம்பரில் வந்த 2.6 இதை மாற்றியது. ‘கால்சிம்ஸ்’ வசதியில், பெயர்ப் பட்டியல் கர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் மெமரி செலவுதான். ஆனால் ஊப்ஸே ஃபங்ஷன் பெயரோடு வந்தது. கேசிம்ஊப்ஸுக்கு வேலை போச்சு. 2008இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இன்னொரு படி போனார். டெவலப்பர் எழுதும் எந்த டீபக் மெசேஜிலும் முகவரிக்குப் பதில் பெயரை அச்சிடும் ஃபார்மட்டைச் சேர்த்தார்.

எரர் எண்கள் மட்டும் மிச்சம். லாகில் ‘மைனஸ் 22’ என்று பார்த்தால் நான் இப்பவும் தேடித்தான் பார்ப்பேன். கொடுத்த ஆர்க்யுமென்ட் செல்லாது என்று அர்த்தம். 2020 ஜனவரியில் வந்த 5.5இலிருந்து, டெவலப்பர் அதற்கான ஃபார்மட்டைப் பயன்படுத்தினால், எண்ணுக்குப் பதில் எரரின் பெயரே வரும்.

அப்போ எல்லாத்தையும் வெளிப்படையாகக் காட்டிடலாமா? அங்கேதான் சிக்கல். டெவலப்பருக்கு உதவும் முகவரி, ஹேக்கருக்கும் உதவும். அதனால் 2018இல் வந்த 4.15, சாதாரணமாக அச்சிடும் முகவரிகளை ஹாஷ் செய்து மறைத்தது. அதிலும் ஒரு நல்ல யோசனை: மறுபடி பூட் ஆகும்வரை ஒரே முகவரிக்கு ஒரே ஹாஷ்தான். இரண்டு மெசேஜும் ஒரே பொருளைப் பற்றியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். உண்மை முகவரி தெரியாது.

2024 நவம்பரில் வந்த 6.12இல், கர்னல் விழும்போது லாகை கியூஆர் கோடாகத் திரையில் காட்டும் வசதி வந்தது. கையால் எழுதிய இடத்தில் இப்போ போனை நீட்டினால் போதும்.

எனக்கு இதில் பிடித்தது இதுதான்: முகவரிக்குப் பின்னால் ஒரு பெயர் எப்பவுமே இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை மனுஷன் தலையிலிருந்து மெஷினுக்கு மாற்றியதுதான் இந்த வரலாறு. அடுத்த தடவை உங்கள் கோடில் ஒரு எரர் மெசேஜ் எழுதும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படிக்கப்போகிறவரைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.