டாங்கி எஞ்சினும் டீசலும்

டாங்கி எனப்படும் கவசப் போர் வண்டி இன்று பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இதற்குக் காரணம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை கிடைக்கும், லிட்டருக்குப் பெட்ரோலைவிட அதிக தூரம் போகும். போர்க்களத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பெட்ரோல் ஆவி சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். டீசல் அவ்வளவு சுலபத்தில் பற்றாது. பற்றவே பற்றாது என்பது மிகை. குண்டு துளைத்து டீசல் துளித்துளியாகச் சிதறினால் அதுவும் எரியும்.

சோவியத்தின் டி-34 டாங்கி 1940லேயே 500 குதிரைத்திறன் டீசல் எஞ்சினோடு வந்துவிட்டது. ஜெர்மனியின் டைகர் டாங்கியோ கடைசிவரை பெட்ரோல்தான். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் இந்தியாவின் செஞ்சுரியன் டாங்கிகளும் பெட்ரோலில்தான் ஓடின.

டீசல் டாங்கி தமிழ்நாட்டுக்குள் நுழைந்த கதை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. 1960களில் அங்கே உருவான விஜயந்தா டாங்கிக்கு பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்து எல்-60 எஞ்சின். ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன்: ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை நெருக்கும், சிலிண்டர் ஹெட்டே கிடையாது. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எது கிடைத்தாலும் ஓட வேண்டும் என்ற நேட்டோ விருப்பத்தில் பிறந்தது இது. விருப்பம் என்னவோ நல்லதுதான். ஆனால் பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் இதே எஞ்சின் பழுதுக்கே பேர்போனது.

அடுத்து ஆவடியில் தயாரான டி-72, டி-34 எஞ்சின் வம்சத்து 780 குதிரைத்திறன் வி-12 டீசலைக் கொண்டது. அதன் பின்புறம் இரண்டு டீசல் டிரம்களைக் கட்டிக்கொள்ளலாம்; சண்டைக்கு முன் கழற்றிவிடலாம். அதற்குப் பின் வந்த அர்ஜுன் டாங்கியின் 1400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யு. தயாரிப்பு. வண்டியை வடிவமைத்தது ஆவடி, இதயம் இறக்குமதி என்ற குறை இதனால் தீரவில்லை. டாங்கிக்கான உள்நாட்டு 1500 குதிரைத்திறன் எஞ்சின் 2024 மார்ச் 20 அன்று மைசூரு பெமல் ஆலையில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது.

எஞ்சின் எதுவானாலும் ஊற்றும் டீசல் இடத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும். சேலம் வெயிலில் இந்தக் கவலை இல்லை. ஆனால் லடாக் குளிரில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அதற்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.