பட்ஜெட் சப்வூஃபர்: பெட்டியில் இருக்கும் வாட்ஸை நம்பலாமா?

சான்பாடா போன்ற அடுக்குமாடிப் பகுதியில் சின்ன ஹாலுக்கு சப்வூஃபர் வாங்கப் போறீங்களா? லேமிங்டன் ரோடுக்குக் கிளம்பும் முன் இதைப் படிங்க.

வாட்ஸ்: பெரிதாக அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணை விட்டுடுங்க. தொடர்ந்து கிடைக்கும் சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண்தான்.

பெட்டி: மூடிய பெட்டி சிறியது, பாஸ் கட்டுக்கோப்பாக இருக்கும். துளையுள்ள பெட்டி அதே வாட்ஸில் கூடுதல் பாஸ் தரும். இடமும் அதிகம் கேட்கும். சின்ன ஹாலுக்கு 8 இன்ச் மூடிய பெட்டி போதும்.

இணைப்பு: ஆம்ப்ளிஃபயரில் 'சப் அவுட்' இருக்கா? இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே நேரடியாக ஏற்கும் மாடல் வேண்டும். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள்.

பக்கத்து வீடு: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் 'ஏ-வெயிட்டிங்' என்ற இந்த அளவீட்டு முறை, 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். தாழ்ந்த ஒலியைச் சுவரும் எளிதில் தடுக்காது. அதனால் மொபைல் ஆப் 'ஓகே' காட்டினாலும் கீழ்வீட்டுக்காரர் தூக்கம் கெடலாம்.

மூலையில் வைத்தால் பாஸ் கூடும், வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம். இரவு பத்துக்கு மேல் சப்வூஃபரை மட்டும் அணைத்துவிடுங்கள். வசனம் தெளிவாகவே கேட்கும்.