எந்த 'இணைப்பு'?

மாணவர்களைக் குழப்பும் ஆங்கிலச் சொற்களை நம் புதுக்கோட்டை வரலாற்றைக் கொண்டே விளக்குவது என் வழக்கம்.

1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பகுதியையும் தொண்டைமானுக்கு விட்டுக்கொடுத்தது. அது 'செஷன்'. காதில் நீதிமன்றச் 'செஷன்' போலவே விழும்; எழுத்தும் வேறு, பொருளும் வேறு. 1928-ல் இராஜகோபாலத் தொண்டைமான் ஆறு வயதில் அரியணை ஏறினார். அது 'அக்செஷன்'. 1947-ல் அதே மன்னர் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்ததும் 'அக்செஷன்'தான். பிரிந்து போவது 'செசெஷன்'.

'மெர்ஜர்' இவற்றில் எதுவுமே இல்லை. ஆனால் தமிழில் அக்செஷனையும் மெர்ஜரையும் 'இணைப்பு' என்றே எழுதிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

1947-ல் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகள்தாம். உள்நிர்வாகம் மன்னரிடமே இருந்தது. 1948 மார்ச் 3 அன்றுதான் மெர்ஜர். சமஸ்தானம் சென்னை மாகாணத்தில் கலந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. தனி மாவட்டமாக 1974 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, சுதந்திரத்துக்குப் பின்னும் ஆறரை மாதம் நம் ஊர் இந்தியாவிலும் இருந்தது, மன்னராட்சியிலும் இருந்தது. 'இணைப்பு' என்ற ஒற்றைச் சொல் அந்த ஆறரை மாதத்தை விழுங்கிவிடுகிறது.

முதலாவதைச் 'சேர்தல்' என்றும் இரண்டாவதைக் 'கலத்தல்' என்றும் எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தேதியும் மறக்காது, பொருளும் மாறாது.