குடிவந்தவர்கள் எந்த ஊர்?

சிம்சிட்டியில் ராத்திரி பகலாக ஊர் கட்டிவிட்டு, அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று ஓடிப்போனவர்கள் நம்மில் நிறைய பேர். பல வருஷம் கழித்து மறுபடி ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால், எதை எடுப்பது என்று குழப்பம். விலை, கிராபிக்ஸ் எல்லாம் ஏற்கெனவே அலசிக் காயப்போட்டாயிற்று. நான் பார்க்கச் சொல்வது வேறு: அந்த ஊருக்குக் குடிவருகிற ஜனத்தை விளையாட்டு எப்படி நடத்துகிறது? பிழைப்புக்கு ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது முக்கியமான கேள்விதானே!

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1984ல் வில் ரைட் என்ற அமெரிக்கர், ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் விளையாட்டு ஒன்றை எழுதினார். குண்டு போடுவதைவிட, அதற்காகத் தீவுகளையும் சாலைகளையும் வரைவதுதான் அவருக்கு ருசித்தது. அந்த ருசிதான் 1989ல் மேக்சிஸ் வெளியிட்ட சிம்சிட்டியில் போய் முடிந்தது. ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் முதலில் தயங்கினார்கள்.

நகரம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள ரைட் படித்தவற்றில் ஒன்று, எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969ல் எழுதிய 'அர்பன் டைனமிக்ஸ்'. அதில் நகரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் எல்லையில்லாத ஒரு வெளி. உள்ளே நிலைமை நன்றாக இருந்தால் அங்கிருந்து ஜனம் வரும், மோசமானால் போய்விடும். ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டக் கட்ட நகரம் நொடிக்கும் என்று அவர் கணக்கு சொன்னது; பெரிய சர்ச்சையானது.

அந்த எல்லையில்லாத வெளி சிம்சிட்டியிலும் இருக்கிறது. பச்சைக் கட்டம் போட்டு, ரோடும் கரண்டும் கொடுத்தால் ஜனம் தானாக வரும். எங்கிருந்து, யாரை விட்டுவிட்டு? கேள்வியே கிடையாது. 2003ல் வந்த சிம்சிட்டி 4 ஒரு படி மேலே போனது. ஒரு ஊரில் வீடு, பக்கத்து ஊரில் வேலை என்று போய்வர முடிந்தது.

2013ல் வந்த புது சிம்சிட்டியில் ஒவ்வொருவரும் தனி ஆளாகத் தெருவில் நடந்தார். ஆனால் காலையில் காலியாக இருக்கும் ஏதோ ஒரு வேலை, சாயங்காலம் காலியாக இருக்கும் ஏதோ ஒரு வீடு. திருவல்லிக்கேணி மேன்ஷனில்கூட அவரவர் அறை அவரவருக்குத்தான்! போதாக்குறைக்கு, இணையம் இல்லாமல் விளையாட முடியாது என்று வைத்து, வெளியான வாரமே சர்வர்கள் படுத்துவிட்டன. இணையம் இல்லாமல் ஆட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2015 மார்ச்சில் மேக்சிஸின் எமரிவில் அலுவலகம் மூடப்பட்டது. அதே மாதம் பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் என்ற சின்னக் குழு 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' வெளியிட்டது. இதில் ஒருவரைச் சொடுக்கினால் பெயர், வீடு, வேலை மூன்றும் தெரியும். படிக்கிறார்கள், வயதாகிறது, சாகிறார்கள். 2023ல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் பெரியது. ஆனால் கணினியைப் பிழிந்தெடுக்கிறது என்று வந்த நாளிலிருந்தே புகார்.

பழைய மடிக்கணினி என்றால் சிம்சிட்டி 4 போதும். ஓரளவு நல்ல பொட்டி இருந்தால் என் ஓட்டு 2015 ஸ்கைலைன்ஸுக்குத்தான். முதல் பாகத்தில் பழகிக்கொண்டு, அப்புறம் இரண்டாவதை யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் ஸ்கைலைன்ஸிலும் மாறவில்லை. ஜனம் நெடுஞ்சாலை வழியாக வரைபடத்தின் ஓரத்திலிருந்து வந்து இறங்குகிறது. அதற்கு முந்தைய ஊரின் பெயர் எந்த விளையாட்டிலும் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடும்போது, "இவங்க எந்த ஊர்லேர்ந்து வந்திருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும்.